ஆள் நிற்கவில்லையா? கம்பெனி யாருக்காக ஓடுகிறது என்று முதலில் காட்டுங்கள்

நான் ஹெச்ஆர் வேலையில் இருந்தபோது ஒரு கம்பெனியில் ஆலோசகர்களை மூன்று மாதம் உட்காரவைத்து, நட்சத்திர ஓட்டலில் இரண்டு நாள் கூட்டம் போட்டு, கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினோம். மனிதர்களின் நாளையை மாற்றுவோம் என்கிற மாதிரி ஏதோ ஒன்று. எழுதியவர்களில் ஒருவனான எனக்கே இப்போது சரியாக நினைவில்லை. அதை டீ-ஷர்ட்டில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தோம். அதே மாதம் செலவைக் குறைக்கிறோம் என்று, இரவு ஷிப்ட் முடித்துப் போகிறவர்களுக்கு ஓடிய வேனை நிர்வாகம் நிறுத்தியது. மூன்றாவது மாதம் பார்க்கிங்கில் பார்த்தால் பாதிப் பேர் அந்த டீ-ஷர்ட்டை வைத்துத்தான் பைக் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ராஜினாமாக் கடிதங்கள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன.

அதற்கப்புறம் சின்னக் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக்கொடுக்கிற வேலைக்கு வந்தேன். முதலாளிகள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஆளே நிக்க மாட்டேங்கறாங்க சார்." சிலர் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, "பர்ப்பஸ் இருந்தா நிப்பாங்களாமே, ஒண்ணு எழுதிக்குடுங்க" என்பார்கள். பர்ப்பஸ் என்றால் நோக்கம், அதாவது கம்பெனி யாருக்காக, எதற்காக ஓடுகிறது என்பது. அதை எழுதிக்கொடுக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பதைத் தோண்டி எடுக்கலாம், அதை ஆட்களின் கண்ணில் படும்படி வைக்கலாம். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இருபது பேரிலிருந்து இருநூறு பேர் வரை வேலை செய்கிற இடங்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் சம்பளம்

இதைச் சொல்லாமல் மேலே போனால் பாவம். சம்பளம் ஊர் நிலவரத்துக்குக் கீழே இருந்தால், தேதி தவறி வந்தால், பிஎஃப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால், இதற்கு மேல் படிக்க வேண்டாம். அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். வாடகை கட்ட முடியாதவனிடம் போய் நம் கம்பெனியின் உன்னத லட்சியம் என்று பேசினால் அவன் சிரிக்கக்கூட மாட்டான். பக்கத்துக் கம்பெனி ஐயாயிரம் கூடக் கொடுக்கும்போது "போகட்டுமா, இருக்கட்டுமா" என்று ஒருவரை இரண்டு நாள் யோசிக்கவைப்பதற்கு நோக்கம் உதவும். பதினைந்தாயிரம் கூடக் கொடுத்தால் உதவாது, உதவ வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

கூட்டம் போட்டு வாக்கியம் தேடாதீர்கள்

மதுரைக்காரர்களுக்கு நான் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் இந்த விஷயத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அதை ஆரம்பித்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன கையோடு கண் அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டவர். அவர் வைத்த நோக்கம், தேவையில்லாத பார்வையிழப்பை ஒழிப்பது. அந்த 'தேவையில்லாத' என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லாக் குருட்டையும் ஒழிக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. கண்புரை மாதிரி, ஒரு சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகக்கூடியது, காசில்லாததாலோ ஊர் தள்ளி இருப்பதாலோ ஒருவரை இருட்டில் உட்காரவைக்கிறது பாருங்கள், அதை ஒழிப்பது. என்ன செய்ய வேண்டும், யாருக்கு என்பது மட்டுமில்லை, இன்று செய்தோமா இல்லையா என்பதும் அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரானது வீவொர்க். ஆபீஸ் இடத்தை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து, துண்டு போட்டு வாடகைக்கு விடுகிற கம்பெனி. 2019இல் பங்குச்சந்தைக்குப் போக அவர்கள் தாக்கல் செய்த ஆவணத்தில் தங்கள் நோக்கம் உலகத்தின் விழிப்புணர்வை உயர்த்துவது என்று எழுதியிருந்தார்கள். அடுத்த மாதமே நிறுவனர் தலைமைப் பதவியிலிருந்து இறங்கினார், பங்கு வெளியீட்டைத் திரும்பப் பெற்றார்கள், நவம்பரில் சுமார் 2,400 பேரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். மேஜை நாற்காலி வாடகைக்கு விடுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்துப் பேசியதுதான் சிரிப்பாகப் போயிற்று.

அப்படியானால் உங்கள் நோக்கத்தை எங்கே தேடுவது? வாடிக்கையாளர் பக்கத்தில். ஒரு வாரம் ஒதுக்குங்கள். புகார் போன் எடுக்கிற பெண் பக்கத்தில் ஒரு நாள் உட்காருங்கள். சர்வீசுக்குப் போகிற பையனோடு பைக்கில் ஏறிப் போங்கள், அவன் உங்களை எங்கே டீ குடிக்கக் கூட்டிப்போகிறான் என்பது உட்பட எல்லாம் தெரியவரும். உங்களிடம் பத்து வருடமாக வாங்குகிற ஒருவரைப் பார்த்து, "நாங்க நாளைக்கு மூடிட்டா உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று நேராகக் கேளுங்கள். "ஒண்ணும் இல்லை, வேற கடைல வாங்கிப்பேன்" என்றால் அதுவும் ஒரு செய்திதான், கசந்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டியது. "ஐயோ, மூடிடாதீங்க" என்று ஆரம்பித்து அடுத்து அவர் என்ன சொல்கிறாரோ, உங்கள் நோக்கம் அங்கேதான் இருக்கிறது. அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், மெருகேற்றாதீர்கள்.

"நாங்க என்ன கண் ஆபரேஷனா செய்யறோம், அட்டைப்பெட்டிதானே செய்யறோம்" என்று கேட்பவர்கள் உண்டு. சரி, அட்டைப்பெட்டிதான். மணப்பாறையிலிருந்து கிளம்பிய முறுக்கு சென்னையில் நொறுங்காமல் போய்ச்சேர்ந்தால்தான் அதைச் சுட்ட அம்மாவுக்கு அடுத்த ஆர்டர் வரும். அது போதும். உலகத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கோயம்புத்தூரில் மோட்டார் வைண்டிங் செய்கிறவருக்கு, அந்த மோட்டார் கருகினால் ஒரு விவசாயிக்கு மூன்று நாள் தண்ணீர் பாயாது என்பதே பெரிய காரணம். ஆனால் பலருக்கு அதை யாரும் சொன்னதே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நாளைக்கு இத்தனை ஸ்டேட்டர் என்கிற கணக்குதான்.

தூரத்தைக் குறைப்பதுதான் வேலையே

எனக்குப் புரிந்தவரைக்கும் இந்த விஷயத்தின் சாரம் ஒன்றுதான். ஒருவர் செய்கிற வேலைக்கும் அதனால் பலன் அடைகிற மனிதருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த வேலை வெறும் சம்பளமாகச் சுருங்கிப்போகிறது.

அரவிந்தில் கிராமத்துக் குடும்பங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். பார்வை சோதிப்பது, நோயாளியைத் தயார் செய்வது, அறுவை அரங்கில் உதவுவது என்று வெட்டுவதைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றிலும் இவர்கள் கை இருக்கும். அதனால்தான் ஒரு டாக்டர் ஒரு மேஜையில் முடித்துவிட்டு உடனே திரும்பிப் பக்கத்து மேஜையில் ஆரம்பிக்க முடிகிறது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கண்புரை ஆபரேஷனில் பலன் தெரிய வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மறுநாள் கட்டைப் பிரித்ததும் ஒரு பாட்டி எதிரில் நிற்கிறவளின் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். எதற்காக வேலை செய்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்கு யாராவது பவர்பாயின்ட் போட்டு விளக்க வேண்டுமா?

எல்லாத் தொழிலிலும் இந்த வசதி இல்லை, அதனால் நாம் செயற்கையாக ஏற்படுத்த வேண்டியிருக்கிறது. ஆடம் கிரான்ட் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 2007இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்காக முன்னாள் மாணவர்களுக்குப் போன் போட்டு நன்கொடை கேட்கிற கால் சென்டர். நாள் முழுக்கத் திட்டும் மறுப்பும் வாங்குகிற வேலை. அங்கே ஒரு குழுவை மட்டும், அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரோடு ஐந்தே நிமிடம் பேசவைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தக் குழு போனில் பேசிய நேரம் 142 சதவீதம் கூடியிருந்தது, திரட்டிய பணம் 171 சதவீதம். சம்பளத்தில் ஒரு பைசா மாற்றம் இல்லை. ஒரு ஆய்வை வைத்து எல்லாவற்றுக்கும் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் ஐந்து நிமிடம் என்பது யாருக்கும் கட்டுப்படியாகிற செலவு.

இதையே வருடா வருடம் பழக்கமாக வைத்திருப்பது மெட்ரானிக். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் செய்கிற கம்பெனி. வருடக் கடைசி விழாவில் தங்கள் கருவியைப் பொருத்திக்கொண்டவர்களை வரவழைத்து ஊழியர்கள் முன்னால் பேசவைப்பார்கள். ஒரு நட்டு திருகுகிறவர், அது யார் நெஞ்சுக்குள் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிறார்.

நீங்கள் செய்யும்போது சிலவற்றைக் கவனியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இருபது நிமிடம் போதும். வீடியோ வேண்டாம், ஆளையே கூப்பிடுங்கள். வருகிறவர் பாராட்டித்தான் பேச வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லிவைக்காதீர்கள். "உங்க பெட்டி நல்லாத்தான் இருக்கு, ஆனா மழைக்காலத்துல ஊறிப்போகுது" என்று அவர் சொன்னால் அதுதான் அன்றைக்குக் கேட்டதிலேயே உபயோகமான பேச்சு. முதலாளி கடைசியில் எழுந்து பத்து நிமிடம் நிறைவுரை ஆற்றக் கூடாது. இதைப் பலமுறை கெஞ்சிக் கேட்டிருக்கிறேன், ஒரே ஒருவர்தான் கேட்டார். அப்புறம், அக்கவுன்ட்ஸ், டிஸ்பாட்ச், செக்யூரிட்டி, கேன்டீன் இவர்களையும் உட்காரவையுங்கள். வழக்கமாக இவர்களை விட்டுவிடுவார்கள், பலனை நேரில் பார்க்கவே வாய்ப்பில்லாதவர்கள் இவர்கள்தான்.

ஆள் எடுக்கும்போது எழுதுவதும் கேட்பதும்

வேலை விளம்பரங்களைப் பாருங்கள். வேகமாக வளரும் நிறுவனம், துடிப்பான இளைஞர்கள் தேவை, கவர்ச்சியான சம்பளம். நூறு கம்பெனி எழுதினாலும் இதேதான், படிக்கிறவருக்கு எது எந்தக் கம்பெனி என்றே தெரியாது. ஒரு ஆடிட்டர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"எங்களிடம் 140 கடைக்காரர்களின் கணக்கு இருக்கிறது. மளிகை, ஹார்டுவேர், ஜவுளி. மாதம் 20ஆம் தேதிக்குள் இவர்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும், தவறினால் லேட் ஃபீஸும் வட்டியும் அவர்கள் தலையில் விழும். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு பயந்துபோய் வருகிறவருக்கு அது என்னவென்று அவருக்குப் புரிகிற தமிழில் சொல்லத் தெரிய வேண்டும். 15ஆம் தேதியிலிருந்து 20 வரை வீட்டுக்குப் போக இரவு எட்டு மணி ஆகும், அதற்கு ஈடாக 21ஆம் தேதி லீவு. டேலி தெரியாவிட்டால் சொல்லித்தருவோம். சம்பளம் 18,000 முதல் 22,000 வரை."

இதில் எங்கேயும் நோக்கம் என்ற சொல் இல்லை, ஆனால் யாருக்காக வேலை செய்யப்போகிறோம் என்பது தெரிகிறது, கஷ்டமும் தெரிகிறது. கஷ்டத்தை மறைத்து எடுத்த ஆள் முதல் 20ஆம் தேதியோடு போய்விடுவார், அவருக்குப் பதிலாக இன்னொருவரைத் தேடுகிற செலவும் அலைச்சலும் உங்களுக்கு. சம்பளத்தை எழுதுவதற்குப் பலருக்குக் கை நடுங்குகிறது. எழுதுங்கள். எழுதாவிட்டால் போன் போட்டு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இன்டர்வியூவில் "எங்கள் நோக்கம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள், வேலை வேண்டுமே. அதற்குப் பதிலாக, "யாருக்காவது ஒரு விஷயத்தைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது உண்டா, அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அப்பாவுக்கு ஜிபே சொல்லிக்கொடுத்த கதை வந்தால், அதில் அப்பாவைக் கிண்டல் செய்கிறாரா, பரிவோடு சொல்கிறாரா என்று கவனியுங்கள். முடிந்தால் ஒரு அரை நாள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்லி, அதற்கும் காசு கொடுத்து அனுப்புங்கள். அங்கேயே பாதி முடிவு இரண்டு பக்கத்திலும் ஆகிவிடும்.

இன்னொன்று, நோக்கம் என்றால் வாடிக்கையாளர் சம்பந்தப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ ஆபீஸ் திறந்ததன் அர்த்தம் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ரொம்ப நேரடியானது: சாப்ட்வேர் வேலைக்காகச் சென்னையில் ஹாஸ்டல் தேட வேண்டாம், வயதான அப்பா அம்மாவை விட்டு வர வேண்டாம். சின்ன ஊரில் கம்பெனி நடத்துகிறவர்கள் தங்கள் ஊரை ஒரு குறையாக நினைத்து மறைக்கிறார்கள். அதையே முதல் வரியில் சொல்லிப் பாருங்கள்.

செலவாகும்போதுதான் நம்புவார்கள்

ஆட்கள் உங்கள் வாக்கியத்தைப் படித்து நம்ப மாட்டார்கள். அந்த வாக்கியத்தால் உங்களுக்கு ஒரு நஷ்டம் வரும்போது என்ன செய்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். மெர்க் மருந்துக் கம்பெனியிடம் ஆற்றுக்குருடு என்ற நோய்க்கு மருந்து இருந்தது, ஆனால் அந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஏழைக் கிராமங்களில் இருந்தார்கள், வாங்க யாரிடமும் காசில்லை. 1987இல் தேவைப்படுகிற வரைக்கும் இலவசமாகவே கொடுக்கிறோம் என்று அறிவித்து, இன்றுவரை கொடுக்கிறார்கள். அங்கே ஆய்வுக்கூடத்தில் சேர யோசிக்கிற ஒரு விஞ்ஞானிக்கு எந்த விளம்பரமும் இதற்கு ஈடாகாது.

நம் அளவில் இது எப்படி இருக்கும்? பெட்டி ஊறிப்போகிறது என்று தெரிந்தும், கூட ஒரு ரூபாய் செலவாகும் என்பதற்காக அதே அட்டையில் ஆர்டரை அனுப்பச் சொல்கிறீர்களா? ஸ்டோர்ஸில் இருக்கிற பையன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அன்றைக்கு நிறுத்தி, மாற்றி அனுப்பினால் அந்தக் கதை கேன்டீனில் ஒரு வருடம் ஓடும். அனுப்பிவிட்டாலும் ஓடும், வேறு மாதிரி.

அரவிந்திலேயே இது அமைப்பிலேயே இருக்கிறது. காசு கொடுக்கிறவர்கள் பக்கம், இலவசப் பக்கம் என்று இரண்டு உண்டு, ஆனால் டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். அறை வசதியில் வித்தியாசம் உண்டு. இதை யாரும் உரையாற்றி நம்பவைக்க வேண்டியதில்லை, டியூட்டி சார்ட்டிலேயே தெரிகிறது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் அன்றைக்கு இறக்குமதியில் நூறு டாலர் அளவில் விற்றது. இலவச நோயாளிகளுக்கு அது கட்டுப்படியாகாது என்றதும் 1992இல் ஆரோலேப் என்ற லென்ஸ் செய்கிற அமைப்பை ஆரம்பித்துத் தாங்களே செய்து, பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நீங்கள் ஒன்றைச் சொல்லி ஆளைச் சேர்த்தால், அதை வைத்தே அவர் உங்களைக் கேள்வி கேட்பார். 2018இல் கூகுள், அமெரிக்க ராணுவத்தின் டிரோன் படங்களை அலசுகிற ஒரு திட்டத்தில் இருப்பது தெரிந்ததும் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் வேலையையே விட்டார்கள், கடைசியில் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று கம்பெனி முடிவெடுத்தது. தீமை செய்யாதே என்பது கூகுளே பிரபலமாக்கிய வாசகம், அதைச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள். இது பிடிக்காது என்றால் நோக்கம் பற்றிப் பேசவே ஆரம்பிக்காதீர்கள்; நல்ல சம்பளம், ஒழுங்கான நேரம், மரியாதையான பேச்சு என்று நடத்துகிற இடங்களிலும் ஆட்கள் வருடக்கணக்கில் நிற்கிறார்கள்.

'சேவை மனப்பான்மை' என்கிற பொறி

தனியார் பள்ளி விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள், சேவை மனப்பான்மை உள்ள ஆசிரியைகள் விண்ணப்பிக்கலாம் என்று. படித்த உடனேயே சம்பளம் எவ்வளவு என்று யாருக்கும் புரிந்துவிடும். ஆஸ்பத்திரிகள், தொண்டு நிறுவனங்கள், இப்போது ஸ்டார்ட்அப்கள் எல்லாரும் இந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். வேலையின் அர்த்தத்தைக் காட்டிச் சம்பளத்தைக் கழிப்பது, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவது, லீவு கேட்டால் "நம்ம நோயாளிங்க என்ன ஆவாங்க?" என்று குற்ற உணர்ச்சி ஏற்றுவது. இது ஒன்றிரண்டு வருடம் நடக்கும். அப்புறம் போகிறவர்கள் யார் என்று பார்த்தால், வேலையை உண்மையாக நேசித்தவர்கள்தான் முதலில் போவார்கள், ஏனென்றால் அவர்கள்தான் தங்களை அளவுக்கு மீறித் தேய்த்துக்கொண்டவர்கள். மேம்போக்காக வேலை பார்த்தவர் அப்படியே நிற்பார்.

அதனால் நோக்கத்தில் ஊறியவர்களைத் தனியாகக் கவனியுங்கள். யார் ஆறு மாதமாக லீவே எடுக்கவில்லை என்று பட்டியல் எடுத்து, அவர்களைக் கட்டாயமாக லீவில் அனுப்புங்கள். அந்த லீவு நாட்களில் போன் போடக் கூடாது, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இருக்கிறவரிடம் கேளுங்கள்

எக்ஸிட் இன்டர்வியூ என்று ஒன்று நடத்துகிறோமே, போகிறவர் அதில் உண்மையைச் சொல்ல மாட்டார். ரிலீவிங் லெட்டர் கையில் வரும்வரை அவருக்கு எல்லாம் நல்ல கம்பெனிதான். இருக்கும்போதே கேளுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, அப்ரைசலோடு கலக்காமல், அரை மணி நேரம். "போன மாசம் செஞ்சதுல எது உருப்படியான வேலைன்னு நினைச்சீங்க? எது வெட்டி வேலை?" இந்த இரண்டு கேள்வி போதும். வெட்டி வேலை என்று மூன்று பேர் ஒன்றையே சொன்னால் அதை நிறுத்திவிடுங்கள். யாரும் படிக்காத தினசரி ரிப்போர்ட் ஒன்று எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது.

இந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். கம்பெனி எவ்வளவு பெரிதாகப் பேசினாலும், ஊழியருக்குக் கம்பெனி என்பது அவருடைய சூப்பர்வைசர்தான். அவர் எல்லார் முன்னாலும் திட்டுகிறவராக இருந்தால் மற்றதெல்லாம் வீண். நான் பார்த்தவரையில் நோக்கத்துக்காக ஒதுக்கிய பணத்தில் பாதியைச் சூப்பர்வைசர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கச் செலவழித்த இடங்கள்தான் தேறின.

அப்படியும் சிலர் போவார்கள். அரவிந்திலிருந்தும் டாக்டர்கள் போகிறார்கள். போகிறவரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். நல்லபடியாகப் போனவர் தன் தம்பியையோ தோழியையோ அனுப்புவார், சில சமயம் அவரே திரும்பி வருவார்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க மென்பொருள் எதுவும் தேவையில்லை, ஒரு நோட்டில் மூன்று எண்ணிக்கை போதும். புதிதாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உள்ளே வேலை செய்கிறவர் சொல்லி வந்தார்கள், ஒரு வருடத்துக்குள் எத்தனை பேர் போனார்கள், போனவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள். ஆறு மாதத்தில் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். முதல் எண் அசைய ஒரு வருடமாவது ஆகும், அதுவரைக்கும் சுவரில் எதையும் எழுத வேண்டாம், டீ-ஷர்ட்டும் வேண்டாம். ஆரம்பிக்க வேண்டுமென்றால் நாளைக் காலையில் அந்தப் பத்து வருட வாடிக்கையாளருக்குப் போன் போடுங்கள்.